குப்பை மேட்டுக்குள் எவ்வளவு வாயு மிச்சம்?

ஒவ்வொரு வருஷமும் சிவில், மெக்கானிக்கல், கெமிக்கல் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் ஒரு ஃபைனல் இயர் குழுவாவது "குப்பைக் கிடங்கிலிருந்து மின்சாரம்" என்று டைட்டில் கொடுத்திருக்கும். டைட்டில் நல்ல டைட்டில்தான். ஆனா ரிப்போர்ட்டைப் புரட்டினா பெரும்பாலும் ஒரே கணக்கு: இத்தனை லட்சம் டன் குப்பை, ஒரு டன்னுக்கு இத்தனை கன மீட்டர் மீத்தேன், இரண்டையும் பெருக்கு, இத்தனை மெகாவாட், நன்றி வணக்கம். இந்தக் கணக்கில் குப்பை எப்போது கொட்டப்பட்டது என்ற கேள்வியே வராது. குப்பை மேட்டு வாயு விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும் விட அந்தக் கேள்விதான் பெரிசு. அதை எப்படிப் போடுவது, போட்டால் நம்ம ஊருக்கு என்ன விடை வருது என்று பார்ப்போம். கால்குலேட்டரைப் பக்கத்தில் வச்சுக்கோங்க.

உள்ளே என்ன நடக்குது

குப்பையைக் கொட்டி, அமுக்கி, மண் போட்டு மூடியதும் உள்ளே மாட்டிய காற்று சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஆக்சிஜனில் வாழும் பாக்டீரியா அதைத் தின்று முடித்துவிடும். அந்த நேரத்தில் சூடும் ஏறும். அதற்கப்புறம் ஆக்சிஜன் இல்லாமல் வாழ்கிறவை மேடைக்கு வரும். முதலில் ஒரு கூட்டம் சோறு, காய்கறித் தோல், காகிதம் போன்றவற்றின் பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சர்க்கரையாக்கும். அடுத்த கூட்டம் அதை அமிலமாக்கும். இட்லி மாவு புளிக்கிற மாதிரிதான், ஆனால் வாசனை அவ்வளவு நல்லா இருக்காது. கடைசியில்தான் மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் அசிட்டிக் அமிலத்தையும் ஹைட்ரஜனையும் எடுத்து மீத்தேனாக மாற்றும். இவை கொஞ்சம் நாசூக்கானவை. அமிலம் கூடினால் வேலை செய்யாது, ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகும்.

மொத்தக் கணக்கைச் சுருக்கினால், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைந்து மூன்று மீத்தேன், மூன்று கார்பன் டை ஆக்சைடு தரும். அதாவது பாதிக்குப் பாதி. உண்மையான மேட்டில் மீத்தேன் 50 முதல் 55% வரை இருக்கும். கார்பன் டை ஆக்சைடில் கொஞ்சம் தண்ணீரில் கரைந்துபோவது அதற்கு ஒரு காரணம். மிச்சத்தில் நைட்ரஜன், நீராவி, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, நூற்றுக்கணக்கான ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. குப்பை மேட்டுப் பக்கம் பஸ் போகும்போது மூக்கைப் பொத்த வைப்பதெல்லாம் அந்த மிச்சம்தான்.

பிடிக்காவிட்டால் எங்கே போகும்

"மீத்தேன் காற்றை விட லேசு, அதனால் மேலே போய்விடும்" என்று வைவாவில் பலரும் சொல்வாங்க. தனி மீத்தேனுக்கு அது சரி. மேட்டு வாயுவில் பாதி மீத்தேன், பாதி கார்பன் டை ஆக்சைடு. சராசரி மூலக்கூறு எடை 16-க்கும் 44-க்கும் நடுவில், அதாவது 30. காற்றுக்கு 29. கலவை ஏறக்குறைய காற்றின் எடைதான். தானாகவே பிரிந்து மேலே போகாது. எங்கே அழுத்தம் குறைவோ, எங்கே வழி சுலபமோ அங்கே போகும். அது பக்கவாட்டாகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியில் லோஸ்கோ என்று ஒரு சின்ன ஊர். செங்கல்லுக்கு மண் எடுத்த பழைய குழியில் வீட்டுக் குப்பையைக் கொட்டி மூடியிருந்தாங்க. 1986 மார்ச் 24 அன்று பக்கத்திலிருந்த ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமாச்சு. உள்ளே இருந்த மூன்று பேருக்குப் பலத்த காயம். குப்பைக்குழியின் வாயு நிலத்தடி வழியாக அந்த வீட்டின் தரைக்கு அடியில் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு முந்தைய 7 மணி நேரத்தில் வளிமண்டல அழுத்தம் 29 மில்லிபார் இறங்கியிருந்தது. வெளி அழுத்தம் சட்டென்று இறங்கினால், மண்ணுக்குள் இருக்கும் வாயு வெளியே வரத்தானே செய்யும்? காற்றில் மீத்தேன் 5 முதல் 15% வரை இருந்தால் ஒரு பொறி போதும். புயல் சின்னம் உருவாகும் நாளில் குப்பை மேட்டுப் பக்கம் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். மூடநம்பிக்கை கிடையாது, வெறும் அழுத்த வித்தியாசம்.

வெடிக்காமல் காற்றில் கலந்தாலும் நிம்மதி இல்லை. 100 ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்குக்கும் மேல்.

கிணறு, குழாய், உறிஞ்சி

வாயு எடுக்கும் ஏற்பாடு பார்க்க எளிதாக இருக்கும். மேட்டில் ஆழத்தின் முக்கால் பங்கு வரை அகலமான துளை போடுவாங்க. அடிவரை போனால் அடியிலுள்ள லைனரைக் கிழித்துவிடும் ஆபத்து இருக்கு. துளைக்குள் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய், சுற்றிலும் ஜல்லி, மேலே பென்டோனைட் களிமண் அடைப்பு. ஒவ்வொரு கிணற்றின் தலையிலும் ஒரு வால்வு, அழுத்தமும் வாயுவின் கலவையும் அளக்க ஒரு வாய். எல்லாக் கிணறுகளையும் ஒரு பெரிய குழாயில் சேர்த்து, கடைசியில் ஒரு புளோயர். அது மெதுவாக உறிஞ்சும்.

அந்த "மெதுவாக" என்ற வார்த்தையில்தான் ஆபரேட்டரின் வேலை முழுக்க இருக்கு. ஜூஸில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி இழுக்க முடியாது. அதிகமாக இழுத்தால் மேல்மண் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். ஆக்சிஜன் வந்தால் மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் சாகும், வெப்பம் ஏறும், குப்பை உள்ளேயே தீப்பிடிக்கலாம். மேட்டுக்குள் தீ பிடித்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்றி அணைப்பது சுலபமில்லை, வாரக்கணக்கில் புகையும். அமெரிக்காவில் 1996-இல் வந்த விதிமுறையில் கிணற்றுத் தலையில் ஆக்சிஜன் 5%-க்குக் கீழே, வெப்பம் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கணும் என்று எல்லை வைத்தது இதற்காகத்தான். குறைவாக இழுத்தாலோ, வாயு மேல்மண் வழியாகத் தப்பிவிடும். ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றைத் திருகினால் பக்கத்துக் கிணறு மாறும். மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒருத்தர் மீட்டரோடு மேடு முழுக்க நடந்து வால்வுகளைச் சரிபண்ணணும். எந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் அந்த ஆளின் சம்பளம் இருப்பதை நான் பார்த்ததில்லை.

இன்னொரு தொல்லை தண்ணீர். உள்ளிருந்து வரும் வாயு சூடாக, ஈரமாக வரும். குழாயில் குளிர்ந்ததும் தண்ணீர் பிரிந்து ஓடும். அதற்காகக் குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்ந்த இடங்களில் தண்ணீர் வடிய வழி வைப்பாங்க. ஆனா மேடு சும்மா இருக்குமா? குப்பை மக்க மக்க மேடு இறங்கும், ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் கம்மி. குழாயில் தொய்வு விழும், அங்கே தண்ணீர் தேங்கி வாயுவை அடைக்கும். மழைக்காலத்தில் குப்பையிலிருந்து வடியும் கருப்புத் தண்ணீர், அதாவது லீச்சேட், கிணற்றுக்குள்ளேயே ஏறி ஓட்டைகளை மூடிவிடும். நம்ம பக்கத்து மேடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

வெளியே வந்த வாயுவை என்ன செய்யலாம்? பக்கத்தில் செங்கல் சூளையோ பாய்லரோ இருந்தால் ஈரத்தை மட்டும் எடுத்துவிட்டு நேராக எரிக்கலாம். இதுதான் மலிவு. இல்லாவிட்டால் கேஸ் இன்ஜினில் விட்டு ஜெனரேட்டர் ஓட்டலாம். இன்ஜின் திறன் 35 முதல் 40%. இன்னும் சுத்தம் செய்து கார்பன் டை ஆக்சைடையும் நீக்கினால் இயற்கை எரிவாயுக் குழாயில் விடலாம், வண்டிக்கும் போடலாம். கலிஃபோர்னியாவின் பாலோஸ் வெர்டெஸ் மேட்டில் 1975-லேயே சுத்தம் செய்து குழாயில் விற்க ஆரம்பிச்சுட்டாங்க.

சுத்தம் செய்வதில் ஒரு வேடிக்கை. ஷாம்பூ, டியோடரன்ட், க்ரீம் எல்லாவற்றிலும் சிலிக்கான் சேர்மங்கள் உண்டு. குப்பையில் அவை சிலாக்சேனாக ஆவியாகி வாயுவோடு வரும். இன்ஜினுக்குள் எரிந்தால் சிலிக்கா, அதாவது மெல்லிய மணல். சிலிண்டர் தலையிலும் வால்விலும் வெள்ளையாகப் படிந்து, இன்ஜினை அரித்துத் தள்ளிவிடும். ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து முன்னாலேயே பிடிக்கணும். ஊர் பூராவும் தலைக்குக் குளிச்ச செலவு இன்ஜின் ஓவர்ஹாலில் வந்து நிற்கும்!

கலிஃபோர்னியாவில் ஏன் ஓடியது

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் புவென்டே ஹில்ஸ் என்று ஒரு மேடு. அமெரிக்காவின் மிகப் பெரிய மேடுகளில் ஒன்று. 1957-இல் ஆரம்பித்து, 2013 அக்டோபர் 31 அன்று மூடினாங்க. 1980-களிலிருந்தே வாயுவைப் பாய்லரில் எரித்து, நீராவி டர்பைன் சுற்றி, சுமார் 50 மெகாவாட் வரை மின்சாரம் எடுத்தாங்க. மேடு இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஆலை ஓடியதைக் கவனியுங்க. நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் "உலக அனுபவம்" என்ற அத்தியாயத்தில் வருவது பெரும்பாலும் இது மாதிரி மேடுகள்தான். பிறகு அதே எண்களைத் தூக்கி நம்ம கிடங்குக்குப் போட்டுவிடுவாங்க.

அங்கே போகும் குப்பை வேறு. காலநிலை சர்வதேசக் குழு, அதாவது ஐபிசிசி, 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒவ்வொரு வகைக் குப்பையிலும் எத்தனை கரிமம் இருக்கு, அதில் எத்தனை மக்கும் என்று இயல்பு மதிப்புகள் உண்டு. அதை வைத்து நீங்களே போட்டுப் பாருங்க. உணவுக் கழிவில் ஈர எடையில் 15% மக்கக்கூடிய கரிமம். அதில் பாதி உண்மையில் மக்கும். மக்கியதில் பாதி மீத்தேனாகும். கரிமத்தை மீத்தேன் எடைக்கு மாற்ற 16-ஐ 12-ஆல் வகுத்துப் பெருக்கணும். ஒரு டன்னுக்கு 50 கிலோ, அதாவது ஏறக்குறைய 70 கன மீட்டர் மீத்தேன். காகிதத்துக்கு 15-க்குப் பதில் 40% போடுங்க. சுமார் 186 கன மீட்டர் வரும். காகிதமும் அட்டையும் நிறைந்த மேடு டன்னுக்கு அதிக வாயு தரும், அதுவும் மெதுவாக, பல வருஷம்.

நம்ம வீட்டில் பேப்பரும் அட்டையும் என்ன ஆகும்? பழைய பேப்பர்காரர் எடை போட்டு வாங்கிட்டுப் போவார். தப்பி வந்ததையும் குப்பை பொறுக்கும் அக்காமார்களும் அண்ணன்மார்களும் பிரித்து எடுத்துவிடுவாங்க. அவங்க செய்வது நாட்டுக்கு நல்ல காரியம். ஆனால் கிடங்குக்குப் போய்ச் சேருவதில் மக்கக்கூடியது என்றால் பெரும்பாலும் சோறு, காய்கறி, வாழை இலை, பழத்தோல், கூடவே நிறைய மண்ணும் கட்டட இடிபாடும்.

இப்போ கணக்கு

மேட்டு வாயுவுக்குப் பயன்படுத்துவது முதல்வரிசைச் சிதைவு மாதிரி. கதிரியக்கம், கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் எல்லாம் படித்தோமே, அதே எக்ஸ்பொனென்ஷியல்தான். ஒரு டன் குப்பைக்குள் மொத்தம் இருக்கும் மீத்தேன் "எல் நாட்". அது வெளியேறும் வேகத்தைச் சொல்லும் மாறிலி "கே". டி ஆண்டுகள் கழித்து மிச்சம் இருப்பது எல் நாட் பெருக்கல் ஈ பவர் மைனஸ் கே டி. அந்த ஆண்டில் வரும் வாயு அதைக் கே-யால் பெருக்கினது.

கே-யின் மதிப்பில்தான் கதை. அதே ஐபிசிசி வழிகாட்டியில் வறண்ட மிதவெப்பப் பகுதியின் கலப்புக் குப்பைக்கு 0.05. ஈரமான வெப்பமண்டலத்தின் கலப்புக் குப்பைக்கு 0.17. ஈரமான வெப்பமண்டலத்தில் உணவுக் கழிவை மட்டும் எடுத்தால் 0.4. அரை ஆயுள் பாருங்க: 0.05-க்குச் சுமார் 14 வருஷம், 0.17-க்கு 4 வருஷம், 0.4-க்கு ஒன்றே முக்கால் வருஷம்கூட இல்லை.

ஒரு கிடங்கில் வருஷத்துக்கு 1 லட்சம் டன் வீதம் 10 வருஷம் கொட்டி, நிரம்பிய பிறகு மூடி, அதற்கப்புறம் கிணறு போடுறோம் என்று வச்சுக்குவோம். பெரும்பாலான திட்டங்கள் இப்படித்தான் யோசிக்கும். மூடும் நாளில் உள்ளே எத்தனை மிச்சம்? முதல் வருஷக் குப்பை 10 வருஷம் பழசு, கடைசிக் குப்பை நேற்று வந்தது. இன்டக்ரேட் பண்ணினா, ஒன்றிலிருந்து ஈ பவர் மைனஸ் கே டி-யைக் கழித்து, கே டி-யால் வகுக்கணும். கே 0.05 என்றால் 79% மிச்சம். 0.17 என்றால் 48%. உணவுக் கழிவின் 0.4-க்கு 25% கூட இல்லை. முக்கால்வாசி ஏற்கெனவே வானத்துக்குப் போயாச்சு, ஒரு குழாய்கூட இறங்குவதற்கு முன்னால்!

இதை மெகாவாட்டாக மாற்றுவோம். முதலில் வறண்ட ஊர் மேடு: கே 0.05, எல் நாட் 100, நல்ல மூடி, அதனால் 75% வாயு பிடிபடும். மூடும்போது மிச்சமுள்ள குப்பைக் கணக்கு 7,87,000 டன்னுக்குச் சமம். ஆண்டுக்கு 39 லட்சம் கன மீட்டர் மீத்தேன், மணிக்கு 449. முக்கால் பங்கு பிடித்தால் 337. ஒரு கன மீட்டர் மீத்தேனில் சுமார் 10 கிலோவாட் மணி வெப்பம். இன்ஜின் 38% என்றால் சுமார் 1.3 மெகாவாட். 5 வருஷம் கழித்து 1.0. 10 வருஷம் கழித்து 0.78. இன்ஜின் வாங்கக் கடன் கொடுக்கும் வங்கி இந்தக் கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம்.

அடுத்து ஈர ஊர் மேடு: கே 0.17, எல் நாட் 70. சரியாக நிர்வகிக்காத ஆழமான மேட்டில் மேல்பகுதி காற்றோட்டத்திலேயே மக்கிவிடுவதால் ஐபிசிசி 0.8 என்று ஒரு திருத்தக் காரணி வைக்கச் சொல்லுது. பிடிபடுவது 50% என்று தாராளமாகவே வைப்போம். மணிக்கு 261 கன மீட்டர், சுமார் 1 மெகாவாட். அட, பரவாயில்லையே என்று தோணும். 5 வருஷம் கழித்து 0.43. 10 வருஷம் கழித்து 0.18. 1 மெகாவாட் இன்ஜின் வாங்கி வைத்தால் அஞ்சாவது வருஷமே அது பாதி வயிற்றுக்குத்தான் ஓடும். பாதி லோடுக்கும் கீழே கேஸ் இன்ஜினின் திறன் இறங்கும், பராமரிப்புச் செலவு இறங்காது.

வெறும் டன் கணக்கைப் பெருக்கினவங்க இரண்டு மேட்டையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் பார்த்திருப்பாங்க. மூடும் நாளிலும் பெரிய வித்தியாசம் இல்லைதான். வித்தியாசம் அதற்கு முன்னாடி இழந்ததிலும் அதற்குப் பின்னாடி வேகமாக இறங்குவதிலும் இருக்கு.

அப்போ எடுக்கவே வேண்டாமா?

வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மின்சாரம் எடுக்கக் கட்டுப்படியாகாத வாயுவையும் பிடித்து எரித்துவிடலாம். ஒரு டன் மீத்தேனை எரித்தால் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். எரிக்காமல் விட்டால் அது 28 டன்னுக்குச் சமம். ஃப்ளேர் என்று சொல்லும் அந்த எரிகூண்டு லாபம் தராத ஆனால் உருப்படியான சாதனம். கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் வந்த தூய்மை மேம்பாட்டுச் செயல்முறையில் 2004 நவம்பரில் முதன்முதலாகப் பதிவான திட்டமே பிரேசிலின் ரியோ பகுதியிலுள்ள நோவாகெரார் குப்பை மேட்டு வாயுத் திட்டம்தான். மும்பையில் கோராய் கிடங்கை 2007-க்குப் பிறகு மூடி, கிணறுகள் இறக்கி, வாயுவை எரிக்கும் ஏற்பாடு செய்ததும் கார்பன் கிரெடிட் கணக்கை வைத்துத்தான்.

சென்னைக்கு வருவோம். பெருங்குடியும் கொடுங்கையூரும் லைனரோடு, மூடியோடு திட்டமிட்டுக் கட்டிய லேண்ட்ஃபில் கிடையாது. பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் கொட்டி வளர்ந்த திறந்த மேடுகள். 2022 ஏப்ரலில் பெருங்குடி பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்தபோது சுற்றுவட்டாரம் இருமியது நினைவிருக்கும். 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் அதே கதை. கோடை, வெயில், மேலேயே கசியும் மீத்தேன், பிளாஸ்டிக். ஒரு சின்ன நெருப்புக்கு வேறென்ன வேணும்? இந்த மேடுகளில் இப்போது நடப்பது பயோமைனிங். பழைய குப்பையைத் தோண்டி, கிளறிக் காயவைத்து, சலித்து, மண் தனி, பிளாஸ்டிக் தனி, கல் தனி என்று பிரித்து நிலத்தை மீட்பது. பல வருஷப் பழைய குப்பையில் வாயுவின் பெரும்பங்கு போய்விட்டது என்று நம்ம கணக்கே காட்டுது. அதனால் அந்தப் பழைய அடுக்குகளுக்கு இந்த முடிவு எனக்குச் சரியாகவே படுது. ஆனால் தோண்டும்போது உள்ளே மாட்டியிருக்கும் மிச்ச வாயு திடீரென்று வெளிவரும். மீத்தேன் மீட்டர் இல்லாமல் அந்தக் குழியில் ஆளை இறக்கக் கூடாது.

புதுக் குப்பைக்கு என்ன வழி? 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பையை லேண்ட்ஃபில்லுக்கு அனுப்பக் கூடாது என்றுதான் சொன்னது. ஒன்றே முக்கால் வருஷத்தில் பாதி வாயுவை விட்டுவிடும் ஒரு பொருளை 10 வருஷம் திறந்த வெளியில் கொட்டிவிட்டு அப்புறம் குழாய் தேடுவதை விட, முதல் நாளே மூடிய தொட்டிக்குள் போடுவதுதான் நியாயம். அதே நுண்ணுயிர்கள், அதே வேதியியல். தொட்டிக்குள் சுமார் 20, 30 நாளில் வேலை முடிந்துவிடும், வாயு ஒரே குழாயில் வரும். கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டில் 2000-களின் நடுவிலேயே இப்படி ஒரு ஆலை வந்துவிட்டது. பெரிய அளவில் பார்க்கணும்னா இந்தூர். 2022 பிப்ரவரி 19 அன்று திறந்த ஆலை, ஒரு நாளைக்கு 550 டன் பிரித்த ஈரக் குப்பை எடுத்து 17,000 கிலோ பயோ சிஎன்ஜி தரும்படி வடிவமைத்தது. டன்னுக்கு 31 கிலோ, அதாவது 43 கன மீட்டர் மீத்தேன்.

நம்ம ஈர ஊர் மேட்டில் ஒரு டன்னுக்குக் கடைசிவரை எவ்வளவு பிடிபடும்? 70-இல் 0.8, மூடும்போது மிச்சம் 48%, பிடிப்பது பாதி. மூன்றையும் பெருக்கினால் 13 கன மீட்டர் சொச்சம். 43 எங்கே, 13 எங்கே! ஒன்று வடிவமைப்புத் திறன், இன்னொன்று மாதிரிக் கணக்கு. அதனால் தராசில் வைத்து ஒன்றுக்கு ஒன்று என்று ஒப்பிடக் கூடாது. ஆனால் மூன்று மடங்கு இடைவெளி சின்னத் திருத்தங்களில் கரைந்துபோகிற இடைவெளி இல்லை.

ஆனா தொட்டிக்கு ஒரு நிபந்தனை உண்டு. குப்பை பிரிந்து வரணும். சோற்றோடு சாஷே கவரும், டயப்பரும், உடைஞ்ச ட்யூப்லைட்டும் சேர்ந்து வந்தால் பம்ப் அடைக்கும், கலக்கி உடையும், ஆலை ஆறு மாசத்தில் பூட்டிக் கிடக்கும். நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து போகும் டிரம்மை ஒரு நாள் எட்டிப் பாருங்க, விளங்கும்.

இந்த டைட்டிலை இன்னும் விடாமல் வைத்திருக்கும் குழுக்களுக்குச் சில வார்த்தைகள். உங்க ஊர் கிடங்கின் மொத்த டன் மட்டும் போதாது, எந்த வருஷம் எவ்வளவு கொட்டினார்கள் என்று மாநகராட்சியிடம் கேளுங்க. லாரி எடை மேடை இருந்தால் பதிவேடு இருக்கும். கலப்புக் குப்பைக்கு ஒரே கே போடாமல் உணவு, காகிதம், மரம், துணி எனத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்க. மழைக்காலத்துக்குப் பிறகு லீச்சேட் எந்த மட்டத்தில் நிற்குது என்று தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா கிணற்றில் அதற்கு மேலிருக்கும் ஆழம்தான் வாயுவுக்கு உதவும். முடிவில் ஒரே ஒரு மெகாவாட் எண்ணைத் தராமல் 15 வருஷத்துக்கும் கிராஃப் போடுங்க. இன்ஜின் அளவை முதல் வருஷத்தின் உச்சத்துக்கு எடுக்காதீங்க.

கை பழக ஒரு கணக்கு. ஒரு ஊரில் வருஷத்துக்கு 50,000 டன் உணவுக் கழிவு 20 வருஷமாகக் கிடங்குக்குப் போகுது, கே 0.4. முதல் கேள்வி: 20 வருஷம் முடிந்து மூடும்போது மொத்தத்தில் எத்தனை சதவீத மீத்தேன் உள்ளே மிச்சம்? இரண்டாவது: மூடும்வரை காத்திருக்காமல், ஒவ்வொரு அடுக்கும் கொட்டி 2 வருஷம் ஆனதுமே அதற்குள் படுக்கைவாட்டில் குழாய் போட்டு உறிஞ்ச ஆரம்பித்தால், அந்த அடுக்கில் எத்தனை மிச்சம் இருக்கும்? முதலாவதற்கு 12.5% வரணும், இரண்டாவதற்கு 45%. முதல் கேள்வியில் 50,000 டன் என்ற எண்ணை எங்கேயாவது பயன்படுத்தியிருந்தீங்கன்னா மறுபடி ஆரம்பிங்க, அது தேவையே இல்லை.